ஜெயாவுக்கு நான்தான் பேசுவேன்

பையை இப்படிக் கொடுங்கம்மா, என் கால்கிட்ட இருக்கட்டும். இந்த ரோட்டுல ஒவ்வொரு வளைவுக்கும் அது ஒரு பக்கம் ஓடும், நீங்க அது பின்னாடியே குனியணும். வாந்தி வருமா உங்களுக்கு? வராதா, நல்லது. எனக்கும் வராது. மலையை விட்டு நான் கீழ இறங்காத வாரம் கிடையாது. ரெண்டு தடவை வார்டு மெம்பரா இருந்தவ. மூணாவது தடவை கட்சியில வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க, அது வேற கதை. ஆனாலும் எங்க எஸ்டேட் டிவிஷன்ல இன்னைக்கும் நான் மெம்பரக்காதான். மரியபுஷ்பம்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது.

அங்க, டிரைவருக்குப் பின்னால, பச்சை சால்வை போத்திட்டு உக்காந்திருக்கா பாருங்க. அவ பேரு ஜெயக்கொடி. எங்க எஸ்டேட்டுல கொழுந்து கிள்ளுற பொண்ணு, எங்க லய வீட்டு வரிசையிலயே நாலு வீடு தள்ளித்தான் இருக்கா. என்கூடத்தான் வர்றா. என்கூடன்னா, நான் அவகூட வர்றேன். ஏறும்போது என் பக்கத்துல இடம் கிடந்துச்சு. நான் கையால தட்டிக்கூடக் காட்டினேன். பாக்காத மாதிரி முன்னாடி போய் உக்காந்துட்டா. அதனாலதான் உங்களுக்கு இந்த சீட்டு கிடைச்சது. எனக்கு அதுல வருத்தம் இல்லம்மா. கோவமா இருக்கிறவங்ககிட்ட நாமளும் கோவப்பட்டா அப்புறம் காரியம் எப்படி நடக்கும்? இன்னைக்கு அவளுக்கு ஒரு முக்கியமான ஜோலி இருக்கு கீழ. நான் இல்லாம அவளால ஒரு வார்த்தை பேச முடியாது. கடையில சாமான் வாங்குற மலையாளம் தெரியும். ஆபீஸ் மலையாளம் அவ காதுல நிக்காது. நான் பத்தாவது வரைக்கும் மலையாளப் பள்ளிக்கூடம்.

அவளுக்கு ஒரே ஒரு பொட்டப்புள்ளம்மா. வர்ணிகா. வர்ணின்னு கூப்பிடுவோம். அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது. பாத்தா ஒரு குறை சொல்ல மாட்டீங்க, அப்படி ஒரு முகம். ஆனா பேசாது. கூப்பிட்டா திரும்பாது. தகரத்துல மழை விழுந்தா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிரும். அதே மழைத்தண்ணி ஓடையில ஓடுச்சுன்னா அதைப் பாக்க ஓடும். தண்ணின்னா உசிரு அதுக்கு. கதவு ஒரு விரக்கடை திறந்திருந்தா போதும். ரெண்டு தடவை ஓடைக்கரையில இருந்து ஆளுங்க தூக்கிட்டு வந்தாங்க.

சாமிக்கு நேர்ந்தாங்க, கயிறு கட்டினாங்க, எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. கடைசியில ஒரு மருத்துவ முகாம்ல டாக்டர் பாத்துட்டு ஆட்டிசம்னு சொன்னார். அவர் என்கிட்டத்தான் சொன்னார், மலையாளத்துல. இது காய்ச்சல் மாதிரி வந்து போற நோய் இல்ல, புள்ள இப்படித்தான் இருக்கும், ஆனா பயிற்சி கொடுத்தா அது உலகத்தோட பழகும், நீங்களும் அதோட பழகணும்னு நீளமாச் சொன்னார். நான் ஜெயாகிட்ட, "மூளை கொஞ்சம் மெதுவா வளருதாம், ட்ரெய்னிங் கொடுத்தா சரியாயிரும்"னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னா தாங்குவாளா? பெத்தவ. சரியாயிரும்னு நம்பித்தான் அவ அத்தனை நாளும் இறங்கி ஏறினா. அந்த நம்பிக்கை நான் கொடுத்தது.

அந்த ட்ரெய்னிங் கொடுக்குற சென்டர் கீழ டவுன்லதான் இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வரச் சொன்னாங்க. புள்ளைகளைக் கூட்டிட்டுப் போக அவங்களே ஒரு வண்டி விட்டிருக்காங்க, ஆனா அது மலை ஏறாது. அடிவாரத்தோட திரும்பிரும். நாங்க விடியிறதுக்கு முன்னாடி டிவிஷன்ல இருந்து கிளம்பணும். மெயின் ரோடு வரைக்கும் ஜீப்பு. ஜீப்புன்னா நீங்க நினைக்கிற மாதிரி இல்லம்மா, முட்டி மேல முட்டி. அந்தச் சத்தம் வர்ணிக்கு ஆகாது. ஏறினதுல இருந்து கத்தும். ஜெயா தன் சால்வையை அது தலையோட சுத்தி நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சுக்குவா. "புள்ளைய அடக்கும்மா"ன்னு யாராச்சும் சொல்லுவாங்க. அவ இன்னும் இறுக்கிக்குவா. அப்புறம் பஸ். சென்டர் போய்ச் சேரும்போது புள்ள துவண்டு போயிருக்கும். பாதி நேரம் மூலையில படுத்தே கிடக்கும்.

நீது மிஸ்னு ஒரு பொண்ணு, சின்ன வயசு, அதுதான் வர்ணியைப் பாத்துச்சு. நல்ல பொண்ணு, குத்தம் சொல்லக் கூடாது. ஒருநாள் அது கேட்டுச்சு, "வரும்போதே இவ்வளவு களைச்சு வர்றாளே, நீங்க எப்படி வர்றீங்க? கஷ்டம்னா சொல்லுங்க, வண்டியை மேல வரைக்கும் அனுப்பச் சொல்லி நான் எழுதிக் கேக்குறேன்"னு.

நான், "ஒரு கஷ்டமும் இல்ல மிஸ், வசதியாத்தான் வர்றோம்"னுட்டேன்.

பின்ன என்னம்மா? டிவிஷனுக்கு வர்ற அந்த ரோடு நான் மெம்பரா இருந்தப்ப போட்ட ரோடு. என் போட்டோவோட பேப்பர்ல வந்துச்சு. எங்க ஊருக்கு வண்டி ஏறாதுன்னு நானே போய் அவங்ககிட்டச் சொல்லணுமா? நம்ம ஊரை நாமளே கேவலப்படுத்துற மாதிரி இருக்காது? ஜெயாவுக்கு அப்ப என்ன பேசுறோம்னு புரியல. "என்ன கேட்டாங்க மெம்பரக்கா?"ன்னா. "எப்படி வந்தீங்கன்னு விசாரிச்சாங்க, பஸ்லன்னு சொல்லிட்டேன்"னேன்.

இப்படித்தான் எல்லாம். மிஸ் பத்து வார்த்தை சொல்லும், நான் அதுல வேண்டியதை மட்டும் எடுத்து ரெண்டு வார்த்தையா ஜெயாவுக்குக் கொடுப்பேன். ஜெயா ஏதாவது சொன்னா அதையும் அப்படித்தான், சீர் பண்ணித்தான் சொல்லுவேன். அவ பேச்சு ஒரு ஒழுங்கு இல்லாம போகும்மா. புள்ளை ராத்திரி எத்தனை தடவை முழிச்சுது, மாமியா என்ன சொன்னா, மேஸ்திரி என்ன திட்டினார், எல்லாம் சேந்து வரும். அம்புட்டையும் அந்தச் சின்னப் பொண்ணு தலையில கொட்ட முடியுமா? போகப் போக ஜெயா பேசுறதையே விட்டுட்டா. மிஸ் அவளைப் பாத்துக் கேக்கும், அவ என்னைப் பாப்பா, நான் சொல்லுவேன். வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் பொண்ணு கைராசிக்காரி. ஒரு டம்ளரைக் காட்டி, தண்ணியைக் காட்டி, விட்டு விட்டு, சளைக்காம. ஒருநாள் வர்ணி டம்ளரைப் பாத்து "வெள்ள"ன்னுச்சு. வெள்ளம்னா மலையாளத்துல தண்ணி, உங்களுக்குத் தெரியுமே. நான் என் காதால கேட்டேன். ஜெயா அப்படியே தரையில உக்காந்துட்டா. அழுதான்னு சொல்ல முடியாது, வாயைப் பொத்திக்கிட்டு ஆடினா. வாழ்க்கையில அந்தப் புள்ள சொன்ன முதல் வார்த்தை. அம்மான்னு கூடச் சொன்னதில்ல.

திரும்பி வரும்போது பஸ்ல ஜெயா கேட்டா, "மெம்பரக்கா, நாங்க வீட்டுல தண்ணின்னுதானே சொல்றோம். புள்ள குழம்பிராதா? தண்ணின்னே சொல்லிக் கொடுக்க முடியுமான்னு மிஸ்கிட்டக் கேளுங்க. இல்லாட்டி நாங்க வீட்டுல வெள்ளம்னு சொல்லணுமா, அதையாவது கேளுங்க."

நான் கேக்கல. காசு வாங்காம பாக்குறாங்க. அங்க போய் பாஷை சரியில்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? "ரெண்டும் ஒண்ணுதான், விடு"ன்னேன். அவ விடல. அய்யாத்துரை, அதான் அவ வீட்டுக்காரன், பேக்டரியில வேலை பாக்குறவன், அவனையும் உக்கார வெச்சு ரெண்டு பேரும் வீட்டுல வெள்ளம் வெள்ளம்னு பழகினாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிச்சாங்க. அவங்க நிறுத்தல. புள்ளைக்குத் தாகம் எடுத்தா இப்ப சொல்லுது மெம்பரக்கான்னு வந்து சொல்லுவா. அப்பெல்லாம் அவ முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

அதுக்குள்ள மழை பிடிச்சுது.

இந்த வருஷ மழைதான். மெயின் ரோட்டுல மண்ணு சரிஞ்சு போச்சு. ஜீப்புக்காரங்க வர மாட்டேன்னுட்டாங்க. சரிஞ்ச இடத்தை நடந்து தாண்டி அந்தப் பக்கம் போனா பஸ் கிடைக்கும்னாங்க. ஜெயா புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு ஒரு தடவை தாண்டினா. எனக்கு முட்டி வலி, நான் போகல. நான் போகாம அவ போய் என்ன பிரயோஜனம்? அவளும் மிஸ்ஸும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். மிஸ் ஏதோ கேட்டுச்சாம், இவ தலையத் தலைய ஆட்டிட்டு வந்திருக்கா.

அப்புறம் நீது மிஸ் எனக்கு போன் பண்ணுச்சு. "ரோடு சரியாகுற வரைக்கும் வர வேண்டாம். போன்லயே முகம் பாத்துப் பேசலாம். வீட்டுல என்னென்ன பண்ணணும்னு நான் அம்மாவுக்குக் காட்டிக் கொடுக்குறேன். அவங்க தமிழ்லயே பேசட்டும், எங்க சென்டர்ல புதுசா ஒரு தமிழ்ப் பொண்ணு சேந்திருக்கு, அதை வெச்சுக்கிறேன்"னுச்சு.

நான் சொன்னேன், "அதெல்லாம் சரிப்படாது மிஸ். அவங்க வீட்டுல டவர் எடுக்காது. மழை விட்டதும் நானே கூட்டிட்டு வர்றேன்."

டவர் எங்க வீட்டுக்கு மேல மேட்டுல போனா எடுக்கும். ஆனா போன்ல என்னம்மா வைத்தியம்? புள்ள அதைப் பாக்குமா? நேத்து வந்த ஒரு பொண்ணு, வர்ணியைக் கண்ணால பாக்காத பொண்ணு, அது வந்து என்னத்தைச் சொல்லப் போகுது? இத்தனை நாள் கூட நின்னது யாரு? ஜெயாகிட்ட நான் இதைச் சொல்லல, அவளை ஏன் குழப்பணும்னு. "ரோடு சரியானதும் வரச் சொன்னாங்க"ன்னு சொல்லிட்டேன்.

ஜெயா வேலைக்குப் போயாகணும். அதுக்கு முன்னாடியே சென்டர் சென்டர்னு நிறைய லீவு எடுத்துட்டா, மேஸ்திரி சொல்லிட்டார், இனிமே லீவுன்னா வேலை போயிரும்னு. அய்யாத்துரைக்கு ஷிப்டு. மாமியா போடியில மக வீட்டுக்குப் போயிருச்சு. எஸ்டேட்டுல புள்ளைகளைப் பாத்துக்கிற இடத்துல வர்ணியை வெச்சுக்க மாட்டேங்குறாங்க, ஓடிப் போயிரும்னு. என்ன பண்ணுவா? பழைய சேலை ஒண்ணை வர்ணி இடுப்புல சுத்தி, இன்னொரு முனையைக் கட்டில் கால்ல கட்டிட்டு வேலைக்குப் போனா. இறுக்கியெல்லாம் இல்ல. உள்ள துணி வெச்சு, உறுத்தாமத்தான் கட்டுவா. அது எட்டுற தூரத்துல டம்ளர், பொம்மை, எல்லாம் வெச்சுட்டுப் போவா. இடையில கொழுந்து எடை போடுற நேரத்துல ஓடி வந்து ஒரு தரம் பாத்துட்டுப் போவா. நான் கண்ணால பாத்திருக்கேன்.

அவளே என்கிட்ட வந்து சொன்னா. "மெம்பரக்கா, நான் புள்ளையக் கட்டிப் போட்டுட்டுப் போறேன். எனக்கு மனசு கேக்கல. மிஸ்கிட்ட போன் பண்ணிச் சொல்லுங்க. இது தப்பா, வேற ஏதாவது வழி இருக்கா, ஓடைக்குப் போகாம இருக்க என்ன பழக்கணும், எல்லாம் கேளுங்க."

இதைப் போய் நான் எப்படிச் சொல்லுவேன்? யோசிச்சுப் பாருங்க. புள்ளையக் கட்டிப் போடுறாங்கன்னு கேட்டா அவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? தோட்டத்துக்காரங்கன்னாலே ஒரு மாதிரித்தான் பாக்குறாங்க. அவ நல்லதுக்குத்தான் நான் சொல்லல. ரெண்டு மூணு தடவை கேட்டா, "மிஸ்கிட்டச் சொன்னீங்களா, என்ன சொன்னாங்க"ன்னு. "சொல்லியிருக்கேன், யோசிச்சுச் சொல்றாங்களாம்"னேன். அவ மனசு சமாதானமாகட்டும்னு.

அப்புறம் ஒருநாள் மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு. வர்ணி கட்டில் கால்ல இருந்த முடிச்சை எப்படியோ அவுத்துருச்சு. இடுப்புல இருக்கிறது அப்படியே இருக்கு. சேலை பின்னாடி இழுபட நடந்து போயிருக்கு. ஓடைக்குப் போயிருந்தா நம்ம ஆளுங்க கண்ணுல பட்டிருக்கும். அது மெயின் ரோட்டுக்குப் போயிருச்சு. மண்ணு சரிஞ்ச இடத்துல தண்ணி கொட்டுதுல்ல, அதைப் பாக்க. ஜெயா ஓடி வந்து பாத்தா கட்டில் காலி. லயமே கிளம்பித் தேடுச்சு. ஓடை நெடுகப் போனோம். ஜெயா தண்ணிக்குள்ள இறங்கிட்டா, இழுத்துப் பிடிச்சாங்க. "வெள்ளம், வர்ணி வெள்ளம்"னு கத்துறா. அம்மா இருக்கேன்னு கத்தல, அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதானேன்னு அதைச் சொல்லிக் கத்துறா. எனக்கு இன்னும் காதுல இருக்கு.

புள்ளை பத்திரமாத்தான் இருந்துச்சு. மண்ணு அள்ளுற இடத்துக்கு வந்த அதிகாரிங்க பாத்திருக்காங்க. மண்ணுல குளிச்சு, கால்ல ரத்தம், இடுப்புல சேலைக்கட்டு. பேரு கேட்டா சொல்லாது. அவங்க என்ன செய்வாங்க? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. இடுப்புல தழும்பு இருக்கேன்னு அங்க எழுதியாச்சு. அப்புறம் குழந்தைகளுக்குன்னு இருக்கிற கமிட்டிக்குப் போயிருச்சு விஷயம்.

அங்கயும் நான்தான் போனேன். அய்யாத்துரை உள்ள வரமாட்டேன்னு வெளியிலயே நின்னுட்டான். உள்ள ஒரு பெரியம்மா, கண்ணாடி போட்டவங்க, தலைவி. மிரட்டல் எல்லாம் இல்ல, மெதுவாத்தான் பேசினாங்க. முதல்லயே கேட்டாங்க, "அம்மாவுக்கு மலையாளம் சரியா வராதுன்னா தமிழ் தெரிஞ்ச ஆளை நாங்களே ஏற்பாடு பண்றோம், வேற நாள் வெச்சுக்கலாம்"னு. நான், "எதுக்கு, நான் முன்னாள் மெம்பர், நான் இருக்கேனே"ன்னேன். உடனே எனக்கு நாற்காலி போட்டாங்க. ஜெயா நின்னுக்கிட்டிருந்தா. அப்புறம் அவளுக்கும் போட்டாங்க.

"புள்ளையை ஏன் கட்டி வெச்சாங்க?"ன்னு கேட்டாங்க.

ஜெயா என்கிட்டத் திரும்பிச் சொன்னா. அவ அன்னைக்கு நல்லாத்தான் பேசினா, தெளிவா. "ஓடைக்குப் போயிரக் கூடாதுன்னு கட்டினேன். கட்டுறது எனக்குப் பிடிக்கல. என்ன பண்ணலாம்னு சென்டர்ல கேக்கச் சொன்னேன். பதிலே வரல. வழி தெரியாமத்தான் கட்டினேன்னு சொல்லுங்க."

இதை அப்படியே சொன்னா என்ன ஆகும்? சென்டர் மேல பழி போடுற மாதிரி ஆகும். நீது மிஸ் வேற அங்கயே உக்காந்திருக்கு. அவங்களை விரோதிச்சுட்டு நாளைக்கு அங்க போய் நிக்க முடியுமா? அதுவும் போக, ஆபீசருங்ககிட்ட நியாயம் பேசக் கூடாதும்மா. தப்புன்னு ஒத்துக்கிட்டா விட்டுருவாங்க. எத்தனை கேஸ் நான் பாத்திருக்கேன். அதனால நான் சொன்னேன், "தப்புதான், தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்றா."

எழுதிக்கிட்டாங்க.

நீது மிஸ்கிட்டக் கேட்டாங்க. அது தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. அம்மா ஒழுங்காத்தான் வந்தாங்க, ஆனா எதுவும் பேச மாட்டாங்க, புள்ளையைப் பத்தி என்ன கேட்டாலும் கூட வர்றவங்கதான் சொல்லுவாங்க, ஓடிப் போற பழக்கம் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது, போன்ல கத்துக் கொடுக்குறேன்னு சொன்னேன், அதுவும் வேண்டாம்னுட்டாங்கன்னு. சொல்லிட்டு ஜெயாவைப் பாத்துச்சு, கண்ணு கலங்கியிருந்துச்சு அதுக்கு. ஜெயாவுக்கு ஒண்ணும் புரியல. மிஸ் நம்மளை நல்லவிதமாச் சொல்லியிருக்கும்னு நினைச்சு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டா.

பெரியம்மா கடைசியாக் கேட்டாங்க. கொஞ்ச காலத்துக்குப் புள்ள குழந்தைங்க ஹோம்ல இருக்கட்டும், அங்க பாதுகாப்பும் இருக்கு, பயிற்சியும் இருக்கு, மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பேசலாம், அம்மாவுக்கு இதுல மறுப்பு இருந்தா சொல்லலாம்னு.

நான் ஜெயாகிட்ட, "கொஞ்ச நாள் அங்க தங்க வெச்சு வைத்தியம் பாக்கலாமான்னு கேக்குறாங்க"ன்னேன்.

"நானும் கூடத் தங்கலாமா? வேலை போனாப் போகட்டும். கேளுங்க மெம்பரக்கா"ன்னா.

அது என்ன சத்திரமா, அவ தங்குறதுக்கு? தெரிஞ்ச பதிலை எதுக்குக் கேக்கணும்? "அதெல்லாம் பின்னால சொல்லுவாங்க"ன்னேன். அதுக்குள்ள பெரியம்மா நேரா அவளைப் பாத்து, "சம்மதமாணோ?"ன்னு கேட்டுட்டாங்க. அந்த வார்த்தை ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதானே. ஜெயாவுக்கு முதல் தடவையா ஒண்ணு புரிஞ்சுது. "சம்மதம்"னா. பலமா, சந்தோஷமாச் சொன்னா.

வர்ணியை வேற வழியா வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. வராந்தாவுல நின்னு பாத்தோம். ஜெயா கையில பை, புள்ளைக்கு மாத்துத் துணி, அவளுக்கும் ரெண்டு சேலை. வண்டி நமக்கு எப்ப வரும்னு என்னைக் கேக்குறா.

ஹோம்ல மாசம் ஒரு நாள் பாக்கலாம். நான் தவறாமக் கூடப் போறேன். முதல் தடவை போனப்ப வர்ணிக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. சுவரோரமா உக்காந்து தலையை முட்டிக்கிட்டு இருந்துச்சு. ஜெயா டம்ளரை எடுத்துக் காட்டி, வெள்ளம்னா, தண்ணின்னா, ரெண்டையும் மாத்தி மாத்திச் சொன்னா. அது டம்ளரைப் பாக்கவே இல்ல. இங்க வந்ததுல இருந்து ஒண்ணும் சொல்லலன்னாங்க. அங்க சமையல் பண்ற அம்மா போடிக்காரம்மா. அதுதான் தமிழ்ல வாயை விட்டுருச்சு. "நீயே சம்மதம்னு சொல்லி விட்டுட்டுப் போயிட்டு இப்ப வந்து அழுதா எப்படி? தப்புத்தான்னு ஒத்துக்கிட்டியாமே"ன்னு.

ஜெயா அழுறதை நிறுத்திட்டா. வெளியில வந்து செருப்பு மாட்டும்போது கேட்டா, "மெம்பரக்கா, நான் சொன்னதை நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்"னேன்.

"நான் சொன்னதையே சொன்னீங்களா?"

"உனக்கு எது நல்லதோ அதைச் சொன்னேன்"னேன். அவ்வளவுதான். அன்னைக்கு மூடின வாய். அய்யாத்துரை கூட வந்து கத்திட்டுப் போனான், இனிமே எங்க விஷயத்துல வராதீங்கன்னு. ஆம்பளை, ஆத்திரத்துல பேசுவான். நான் மனசுல வெச்சுக்கல. இன்னைக்கு திரும்பக் கமிட்டி. புள்ளையைக் கொடுக்கலாமா, அங்கயே வெச்சுக்கலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. என்னைக் கூப்பிடல. நானாத்தான் கிளம்பி வந்தேன். இல்லாட்டி யார் பேசுவாங்க அவளுக்கு? நீங்களே சொல்லுங்க.

உங்க போன் அடிக்குதும்மா. பேசுங்க, பேசுங்க.

அடேயப்பா, நல்ல மலையாளமால்ல பேசுறீங்க. ஒரு தட்டும் தடங்கலும் இல்லாம. இவ்வளவு நேரம் என்கிட்டத் தமிழ்ல பேசினீங்களே, நான் நம்ம பக்கம்னு நினைச்சேன். ரெண்டும் ஒண்ணு போல வருதா? கொடுத்து வெச்சவங்க. முன் சீட்டுல இருந்தெல்லாம் திரும்பிப் பாக்குறாங்க பாருங்க, ஜெயா கூட.

ஸ்டாண்டு வந்துருச்சு. முன்னாடி இருக்கிறவங்க இறங்கட்டும், நமக்கு என்ன அவசரம். இந்தாங்க உங்க பை.

என்ன ஜெயா? பின் வழியா இறங்குறியா? வா, நான் எந்திரிக்கிறேன். என்கிட்டப் பேச வரலையா?

இவங்ககிட்டயா?

கமிட்டிக்குக் கூட வரச் சொல்லிக் கேக்குறியா? முன்னப் பின்னத் தெரியாதவங்க ஜெயா, அவங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும். உன் கதை என்ன, புள்ள கதை என்னன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? நான் இப்பச் சொன்னதுதான் தெரியும். கையை விடு, அவங்க வளையல் உடையப் போகுது. நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்கம்மா, பாவம், அவ நிலைமை அப்படி.

போறீங்களா? நிஜமாவா?

சரி. நான் குறுக்க நிக்கல. நான் வெளியில பெஞ்சில இருக்கேன், தேவைப்பட்டா கூப்பிடுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்கம்மா, உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல, அதனால சொல்றேன். உள்ள போனதும் அவ சொல்றதை அப்படியே சொல்லிராதீங்க.